கோவளம் கடற்கரையின் அலைகளும் அலைச்சறுக்கு முன்னறிவிப்பும்

கோவளம் என்பது தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ள ஒரு மீனவ ஊராகும். இதன் மணற்பாங்கான கடற்கரை, அலைச்சறுக்கு விளையாட்டைப் புதிதாகக் கற்பவர்களுக்கு ஏற்ற இடங்களுள் ஒன்றாக அறியப்படுகிறது. கேரளத்தில் திருவனந்தபுரம் அருகிலுள்ள கோவளமும் கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள கோவளமும் இதனின்று வேறானவை.

ஒரு கடற்கரையில் குறிப்பிட்ட நாளில் அலைகள் கற்பவருக்கு ஏற்றவையா என்பது அலையின் உயரத்தை மட்டும் பொறுத்ததன்று. அலைவு நேரம், அலை வரும் திசை, காற்று, ஓதம், கடலடி மணலின் அமைப்பு ஆகிய ஐந்தும் சேர்ந்தே அதனை முடிவு செய்கின்றன. உயரம் குறைவாக அறிவிக்கப்பட்ட நாளிலும் கடல் ஆபத்தானதாக இருக்கக்கூடும். அலை உடையாமல் அமைதியாகத் தோன்றும் இடமே கரையில் மிகவும் ஆபத்தான இடமாகவும் இருக்கக்கூடும். இவற்றின் காரணங்களை இக்கட்டுரை கோவளத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

வரலாற்றுப் பின்னணி

சோழமண்டலக் கடற்கரையில் அலைகளைக் கடந்து செல்லும் கலை மிகவும் பழமையானது. சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் கட்டப்படும் வரை, கப்பல்கள் கரையிலிருந்து விலகி ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. பயணிகளும் சரக்குகளும் மசூலாப் படகுகள் மூலம் கரை சேர்க்கப்பட்டனர். ஆணி இன்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்ட இப்படகுகள், அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்து கொடுத்தன. பெரிய அலைகள் கூட்டமாக வந்து ஓயும் இடைவெளியைக் கணித்துப் படகைச் செலுத்துவதே படகோட்டிகளின் திறமையாக இருந்தது. கட்டுமரத்தில் சென்ற மீனவர்களும் இதே முறையைப் பின்பற்றினர். இன்றைய அலைச்சறுக்கு வீரர் கரையில் நின்று அலைகளைக் கவனிப்பதும் இதே அறிவின் தொடர்ச்சி எனலாம்.

தற்கால அலைச்சறுக்கு கோவளத்தில் 2000களில் வேரூன்றியது. உள்ளூர் மீனவரான மூர்த்தி மேகவன் இதில் முன்னோடியாகக் கருதப்படுகிறார். இங்குள்ள அலைச்சறுக்குப் பள்ளி 2012இல் தொடங்கப்பட்டது. 2013 முதல் அலைச்சறுக்கு விழாவும் நடத்தப்பட்டது. இந்திய அலைச்சறுக்குக் கூட்டமைப்பு 2011இல் உருவானது. அண்மையிலுள்ள மாமல்லபுரத்தில் 2023 ஆகத்து மாதத்தில் உலக அலைச்சறுக்குக் கழகத்தின் தகுதிச்சுற்றுப் போட்டியும், 2025 ஆகத்து மாதத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும் நடைபெற்றன. கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று வழங்கப்பட்டது.

அலைகளின் தோற்றம்

கடலின் மேற்பரப்பில் நாம் காணும் அலைகள் பெரும்பாலும் காற்றினால் உருவாகின்றன. காற்றின் வேகம், அது வீசும் நேர அளவு, அது தடையின்றி வீசும் கடற்பரப்பின் நீளம் ஆகிய மூன்றும் அலையின் அளவைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் ஏதேனும் ஒன்று குறைந்தாலும் பெரிய அலை உருவாகாது. ஏரியில் புயற்காற்று வீசினாலும் கடலில் எழுவது போன்ற அலை எழாததற்குக் காரணம், காற்று வீசும் நீர்ப்பரப்பின் நீளம் குறைவாக இருப்பதே ஆகும்.

கரையை அடையும் அலைகளை இரு வகையாகப் பிரிக்கலாம்.

காற்றலை: அருகில் வீசும் காற்றினால் அப்போதே எழுவது. அலைவு நேரம் குறைவு. பெரும்பாலும் 4 முதல் 8 நொடி வரை. ஒழுங்கற்றது.

தொலையலை: தொலைவில் உருவான புயலிலிருந்து புறப்பட்டு, அக்காற்று வீசும் பகுதியைக் கடந்து வெகுதூரம் பயணம் செய்து வருவது. அலைவு நேரம் பெரும்பாலும் 10 நொடிக்கு மேல். சீரான வரிசைகளாக வரும்.

அலைவு நேரம் என்பது ஓர் அலையின் முகடு ஒரு புள்ளியைக் கடந்த பின் அடுத்த முகடு அதே புள்ளியை அடைய ஆகும் நேரமாகும். ஆழ்கடலில் அலையின் நீளமும் வேகமும் இதனைப் பொறுத்தே அமைகின்றன. அலைவு நேரத்தின் இருமடியை 1.56ஆல் பெருக்கினால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 6 நொடி அலையின் நீளம் ஏறத்தாழ 56 மீட்டர். 14 நொடி அலையின் நீளம் ஏறத்தாழ 306 மீட்டர். அலைக்கூட்டத்தின் ஆற்றல் நகரும் வேகம் 6 நொடி அலைக்கு மணிக்கு 17 கி.மீ.; 14 நொடி அலைக்கு மணிக்கு 39 கி.மீ.; 20 நொடி அலைக்கு மணிக்கு 56 கி.மீ. ஆகும்.

இவ்வேறுபாட்டால் ஒரு முக்கிய விளைவு ஏற்படுகிறது. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், ஏறத்தாழ 7000 கி.மீ. தொலைவில் ஒரு புயல் உருவாவதாகக் கொள்வோம். அதிலிருந்து புறப்படும் 20 நொடி அலைகள் ஐந்து நாட்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்திலும், 14 நொடி அலைகள் ஏறத்தாழ ஏழரை நாட்களிலும் வந்து சேரும். அதாவது ஒரே புயலின் அலைகள் பயணத்தின்போது தாமாகவே பிரிந்து, நீண்ட அலைகள் முந்தி வருகின்றன. முன்வரும் இவ்வலைகள் உயரத்தில் சிறியனவாகவும் இடைவெளி மிக்கனவாகவும் இருப்பதால் பலர் இவற்றைப் பொருட்படுத்துவதில்லை. எனினும் பின்னால் வரவுள்ள பெரிய அலைகளை அவை முன்கூட்டியே உணர்த்துகின்றன.

கரையில் அலை உடைதல்

கடலின் ஆழம் அலைநீளத்தில் பாதிக்கும் குறையும்போது அலை கடலடியை 'உணரத்' தொடங்குகிறது. அதன் வேகமும் நீளமும் குறைகின்றன, உயரம் கூடுகிறது. ஆழம் போதாத நிலையில் முகடு முன்னோக்கிச் சரிந்து உடைகிறது. பொதுவாக அலையின் உயரம் நீரின் ஆழத்தில் ஏறத்தாழ 0.78 பங்கினை எட்டும்போது இது நிகழும். எனவே ஒரு மீட்டர் உயர அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும்.

ஆழ்கடலில் ஒரே உயரமுள்ள இரு அலைகள் கரையில் ஒரே உயரத்தில் உடைவதில்லை. அலை வளைவதால் ஏற்படும் இழப்பைக் கணக்கில் கொள்ளாவிடில், ஆழ்கடலில் ஒரு மீட்டர் உயரமுள்ள 6 நொடி அலை கரையில் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டராக உடையும். அதே உயரமுள்ள 14 நொடி அலை ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மீட்டராக உயர்ந்து உடையும். அலை சுமந்துவரும் திறனும் அலைவு நேரத்துக்கேற்பக் கூடுகிறது. முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் படிப்பவர் ஏமாறுவது இதனாலேயே.

கடலடியின் சரிவைப் பொறுத்து அலை உடையும் விதம் மாறுபடும்.

சரிந்து உடையும் அலை: மென்சரிவான மணற்கரையில் காணப்படும். முகட்டிலிருந்து வெண்ணுரை சிறிது சிறிதாக வழியும். கற்பவருக்கு இதுவே மிகவும் ஏற்றது.

கவிழ்ந்து உடையும் அலை: திடீரென ஆழம் குறையும் இடத்தில் முகடு வளைந்து குழாய் போல் கவிழும். தேர்ந்தவர்களுக்கு உரியது, கற்பவரைக் கடலடியில் அடிக்கக்கூடியது.

எழுந்து மோதும் அலை: செங்குத்தான கரையில் உடையாமலே எழுந்து மோதித் திரும்பும். சறுக்குவதற்குப் பயன்படாது, நிற்பவரின் காலை வாரிவிடும்.

அலை உடையும் இடங்களும் கடலடியைக் கொண்டு மணற்கரை, கரைமுனை, பாறைத்திட்டு என வகைப்படுத்தப்படுகின்றன. கோவளத்தில் கரைமுனையை ஒட்டி உடையும் அலையும் மணற்கரையில் உடையும் அலையும் உள்ளன. தெற்கிலிருந்து வரும் தொலையலை முனையைச் சுற்றி வளைந்து, கரையை நோக்கி நிற்பவரின் வலப்புறமாக, அதாவது வடக்கு நோக்கி, உடைந்துகொண்டே செல்கிறது. மணற்கரையில் உடையும் அலைக்கு நிலையான இடமில்லை. கடலடி மணல்மேடுகள் அலைகளாலும் நீரோட்டத்தாலும் இடம்பெயர்வதால், சென்ற மாதம் நன்றாக இருந்த இடம் இம்மாதம் வேறுபட்டிருக்கும்.

காற்று, ஓதம், பருவம்

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் மென்காற்று அலையின் முகத்தைத் தாங்கி, அது சரியாமல் நிற்க உதவுகிறது. கடலிலிருந்து கரையை நோக்கி வீசும் காற்று அலையை முன்னதாகவே உடைத்துச் சிதறடிக்கிறது. கிழக்கு நோக்கிய கோவளம் கடற்கரையில் மேற்குக் காற்று முதல் வகையையும், கிழக்குக் காற்று இரண்டாம் வகையையும் சேரும். பகலில் நிலம் சூடேறுவதால் கடற்காற்று எழும்புகிறது. அதனால் பெரும்பாலான நாட்களில் விடியற்காலை முதல் முற்பகல் வரையே அலைகள் தெளிவாக இருக்கும்.

ஓதத்தின் ஏற்ற இறக்கம் சென்னைக் கடற்கரையில் குறைவு. முழுநிலவு, மறைநிலவு நாட்களிலும் இது ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே இருக்கும். எனினும் 1.3 மீட்டர் ஆழத்தில் அலை உடையும் இடத்தில் ஒரு மீட்டர் மாற்றம் சிறிதன்று. ஓதம் ஏறும்போது மணல்மேட்டில் உடைந்த அலை, அங்கு உடையாமல் கரையருகே வந்து மோதலாம். ஓதம் இறங்கும்போது மேடுகளுக்கு இடையிலுள்ள வாய்க்கால்களில் நீரின் இழுப்பு வலுக்கும். நாளொன்றுக்கு இரு ஏற்றங்களும் இரு இறக்கங்களும் நிகழ்கின்றன. ஒவ்வொரு நாளும் இவை ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாகின்றன.

ஆண்டின் பருவங்களை அலைச்சறுக்கு நோக்கில் பின்வருமாறு பிரிக்கலாம்.

சனவரி முதல் மார்ச்சு வரை: அலைகள் சிறியன, கடல் பெரும்பாலும் அமைதி. முதன்முறை பலகையில் ஏறுபவர்களுக்கு உகந்த காலம்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை: தெற்கிலிருந்து தொலையலைகள் வருகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று நிலத்தின் மேலாக வருவதால், காலையில் கரையிலிருந்து கடல் நோக்கி வீசும். மீனவர்கள் 'கச்சான்' என அழைக்கும் காற்று இதுவே. அலைகள் ஒழுங்காக அமையும் இக்காலத்தில்தான் போட்டிகள் நடத்தப்படுகின்றன.

அக்டோபர் முதல் திசம்பர் வரை: வடகிழக்குப் பருவக்காற்றான 'வாடை' நேராகக் கரையைத் தாக்கும். காற்றலைகள் மிகுந்து கடல் குழம்பியிருக்கும். வங்கக்கடலில் புயல்கள் உருவாகும் காலமும் இதுவே. கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய நாட்கள் மிகுதி.

கரையை ஒட்டிய நீரோட்டமும் பருவத்துக்கேற்பத் திசை மாறுகிறது. தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் மணல் நகர்த்தப்படுகிறது.

அலை முன்னறிவிப்பு

அறிவியல் அடிப்படையிலான அலை முன்னறிவிப்பு இரண்டாம் உலகப் போரின்போது தோன்றியது. படைகளைக் கடற்கரையில் இறக்க ஏற்ற நாளைக் கண்டறியும் பொருட்டு, ஹரால்ட் ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் ஆகிய கடலியலாளர்கள் காற்றின் அளவுகளிலிருந்து அலையின் அளவைக் கணிக்கும் முறையை வகுத்தனர். 1944இல் நார்மண்டியில் நடந்த படையிறக்கத்துக்கு இம்முறை பயன்பட்டது. 1963இல் மங்க் குழுவினர் நியூசிலாந்து முதல் அலாசுக்கா வரை அளவீட்டு நிலையங்களை அமைத்து, தென்கடலில் தோன்றிய அலைகள் பசிபிக் பெருங்கடல் முழுவதையும் கடந்து செல்வதைப் பதிவு செய்தனர்.

இன்று கணினி மாதிரிகள் பெருங்கடலைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று அலைக்கு அளிக்கும் ஆற்றலையும், அலை இழக்கும் ஆற்றலையும், அது நகரும் திசையையும் கணக்கிடுகின்றன. செயற்கைக்கோள்களும் கடலில் நிறுத்தப்பட்டுள்ள மிதவைகளும் தரும் அளவீடுகளோடு இவை ஒப்பிடப்படுகின்றன. இந்தியாவில் இப்பணியை ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் மேற்கொள்கிறது. 1999இல் நிறுவப்பட்ட இம்மையம் மீனவர்கள், கப்பல்கள், கடலோர மக்கள் ஆகியோருக்காகக் கடல்நிலை முன்னறிவிப்புகளை வெளியிடுகிறது. சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் இந்தியக் கடல்களில் மிதவைகளை நிறுவிப் பராமரிக்கிறது.

முன்னறிவிப்பில் தரப்படும் உயரம் தனி ஓர் அலையின் உயரமன்று. அது அலைகளுள் உயர்ந்த மூன்றிலொரு பங்கின் சராசரியாகும். எனவே ஒரு மீட்டர் என அறிவிக்கப்பட்டால், நூறு அலைகளுக்கு ஒன்று ஒன்றரை மீட்டரை எட்டும் என எதிர்பார்க்க வேண்டும். ஆயிரம் அலைகளுள் ஒன்று இரண்டு மீட்டரை நெருங்கலாம்.

முன்னறிவிப்பைப் படிக்கும் முறைக்கு இரு எடுத்துக்காட்டுகள்:

முதல் நாள்: உயரம் 1 மீட்டர், அலைவு நேரம் 6 நொடி, திசை வடகிழக்கு, காற்று வடகிழக்கிலிருந்து மணிக்கு 25 கி.மீ. கடல் கலங்கிக் காணப்படும். அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உடையும். கரையோர நீரோட்டம் ஆளைத் தெற்கே தள்ளிக்கொண்டு போகும். கற்பதற்குப் பயனற்ற நாள்.

இரண்டாம் நாள்: உயரம் 1 மீட்டர், அலைவு நேரம் 14 நொடி, திசை தெற்கு-தென்கிழக்கு, காற்று மேற்கிலிருந்து மணிக்கு 8 கி.மீ. கடல் கண்ணாடி போலத் தோன்றும். தேர்ந்தவர்களுக்கு மிகச் சிறந்த நாள். ஆனால் அலைக்கூட்டங்களுக்கிடையே பல நிமிட அமைதி நிலவுவதால், அப்போது வந்து பார்ப்பவர் கடல் அடங்கிவிட்டதாக எண்ணி இறங்கக்கூடும். அடுத்து வரும் கூட்டம் ஒன்றேமுக்கால் மீட்டர் உயரத்தில் உடையும். கற்பவர் பயிற்றுநருடன் கரையோர வெண்ணுரையில் மட்டுமே பழக வேண்டிய நாள் இது.

இரு நாட்களுக்கும் அறிவிக்கப்பட்ட உயரம் ஒன்றே என்பது குறிப்பிடத்தக்கது.

கணினி மாதிரிகளுக்கு எல்லையும் உண்டு. அவற்றின் கட்டங்கள் பொதுவாகப் பல கி.மீ. அகலமுடையவை. ஐம்பது மீட்டர் நீளமுள்ள ஒரு மணல்மேட்டையோ அதன் பக்கத்திலுள்ள வாய்க்காலையோ அவை அறியா. கடைசிக் கணிப்பைக் கரையில் நிற்பவரின் கண்ணே செய்ய வேண்டும். இறங்குவதற்கு முன் இருபது நிமிடமேனும் அலைகளைக் கவனிக்குமாறு அறிவுறுத்தப்படுவது இதற்காகவே.

கள்ளக்கடல்

உள்ளூரில் காற்றோ மழையோ புயலோ இல்லாத நிலையில், தொலைவிலிருந்து வரும் நீண்ட அலைகளால் கடல் திடீரெனப் பொங்கிக் கரைக்குள் புகுவது கள்ளக்கடல் எனப்படும். கள்வனைப் போல் சொல்லாமல் வருவதால் கேரள மீனவர்கள் இட்ட இப்பெயரை 2012இல் யுனெசுக்கோ அறிவியல் வழக்கிற்கு ஏற்றுக்கொண்டது. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் உருவாகும் புயல்களே இதற்குக் காரணம். கேரளமும் தமிழ்நாட்டின் தென்கோடியும் இதனால் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன. இதனை முன்கூட்டியே அறிவிக்கும் அமைப்பை ஐதராபாத் மையம் 2020இல் தொடங்கியது.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகிலுள்ள லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர். அந்நாட்களில் தென் தமிழகக் கடற்கரைக்கும் கேரளத்துக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. முன்னறிவிப்பு சரியாக அமைந்தாலும், அது கரைக்கு வருபவரைச் சென்றடைந்து அவரால் புரிந்துகொள்ளப்பட்டாலன்றிப் பயன் தராது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

இழுப்பு நீரோட்டமும் பாதுகாப்பும்

அலைகள் கரைக்குக் கொண்டுவரும் நீர் மீண்டும் கடலுக்குத் திரும்ப வேண்டும். அது மணல்மேடுகளுக்கு இடையிலுள்ள ஆழமான வாய்க்கால்கள் வழியே குவிந்து பாய்வதே இழுப்பு நீரோட்டம் ஆகும். இதன் வேகம் பெரும்பாலும் நொடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கும். சில வேளைகளில் நொடிக்கு இரண்டு மீட்டரையும் எட்டும். இது உலகின் மிகச்சிறந்த நீச்சல் வீரர்களின் வேகத்துக்கு இணையானது.

வாய்க்காலில் ஆழம் கூடுதலாக இருப்பதால் அங்கு அலைகள் உடைவதில்லை. இருபுறமும் வெண்ணுரை எழ, நடுவில் கருமையாகவும் அமைதியாகவும் தெரியும் இடைவெளி இதுவாகும். கடலுக்குப் பழக்கமில்லாதவர்கள் குளிக்கத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இவ்விடத்தையே. சேலம், நாமக்கல் போன்ற உள்நாட்டு மாவட்டங்களில் கிணற்றிலும் ஏரியிலும் நீந்தப் பழகியவர்களுக்கு அசைவற்ற நீரே பாதுகாப்பானது என்னும் எண்ணம் இயல்பானது. அலையடிக்கும் கடலில் அவ்வெண்ணம் பொருந்தாது. நன்கு நீந்தத் தெரிந்தவர்களும் கடலில் மூழ்க இதுவும் ஒரு காரணமாகும்.

இந்நீரோட்டம் ஆளை நீருக்கடியில் இழுப்பதில்லை. கடலை நோக்கியே கொண்டுசெல்கிறது. உயிரிழப்பு நேர்வது பெரும்பாலும் அதனை எதிர்த்து நீந்திச் சோர்வதால் ஆகும். இதில் சிக்கியவர் செய்ய வேண்டியவை:

1. கரையை நோக்கி நேராக நீந்தாமல் மல்லாந்து மிதந்து, மூச்சைச் சீராக்கிக்கொள்ள வேண்டும்.
2. கையை உயர்த்தி உதவி கோர வேண்டும்.
3. இழுப்பு குறைந்தபின் கரைக்கு இணையாக நீந்தி, வெண்ணுரை எழும் பகுதியை அடைந்து, அலைகளின் உதவியோடு கரை திரும்ப வேண்டும்.
4. அலைச்சறுக்குப் பலகை இருப்பின் அதனை விட்டுவிடலாகாது; அது சிறந்த மிதவையாகும்.

கரையில் நிற்பவர்கள் காப்பாற்றும் நோக்கில் வெறுங்கையோடு கடலில் குதிப்பதால் மேலும் உயிர்கள் பலியாகின்றன. மிதக்கக்கூடிய பொருள் ஒன்றை எறிந்து, உயிர்காப்பாளரையோ மீனவரையோ அழைப்பதே முறையாகும்.

கற்பவர்கள் எட்டு அல்லது ஒன்பது அடி நீளமுள்ள மென்நுரைப் பலகையைப் பயன்படுத்துகின்றனர். பலகை காற்கயிற்றால் கணுக்காலில் பிணைக்கப்பட்டிருக்கும். இடுப்பளவு நீரில், ஏற்கெனவே உடைந்து வரும் வெண்ணுரையில் எழுந்து நிற்கப் பழகுவதே முதற்படியாகும். கோவளத்தில் பயிற்சியளிப்போரில் பலர் உள்ளூர் மீனவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அன்றைய மணல்மேடு எங்குள்ளது, வாய்க்கால் எங்குள்ளது என்பதை அவர்களிடம் கேட்டறிந்த பின்னரே நீரில் இறங்க வேண்டும்.